நான்காவது போல்ட்

பாகம் பாகமாக வந்த காரை நானும் என் மனைவியின் தம்பியும் செம்மண்டலத்து ஷெட்டில் சேர்த்துக்கொண்டிருந்தோம். அன்று சக்கரத்தைத் தாங்கும் அலுமினியக் கையில் சஸ்பென்ஷன் பிராக்கெட்டை மாட்ட வேண்டும். மச்சான் சிதம்பரம் அண்ணாமலை நகரிலிருந்து போன் செய்தான்.

"மாமா, டார்க் ரெஞ்சு எடுத்துக்கிட்டு பஸ் ஏறப் போறேன். அதுவரைக்கும் போல்ட்டுல கை வெக்காதீங்க. அலுமினியம், தாங்காது."

ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இரண்டு டீ குடித்தேன். வாசலை எட்டிப் பார்த்தேன். சிதம்பரத்திலிருந்து வர எவ்வளவு நேரம்தான் ஆகும்? இருபது வருஷம் லாரிக்கு முறுக்கிய கைக்கு, எவ்வளவு இறுக்கலாம் என்று அளவு சொல்ல ஒரு கருவியா? ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

மூன்று போல்ட்டும் கச்சிதமாக இறுகின. நான்காவதற்கு, பழக்கதோஷத்தில், இன்னொரு கால் சுற்று கொடுத்தேன். ஸ்பேனர் சட்டென்று லேசாகிவிட்டது. போல்ட்டை வெளியே எடுத்தால், அதன் மரையில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது.

மச்சான் வந்தபோது அந்தத் துளையின்மேல் துணியைப் போட்டுவிட்டு நின்றேன். அவன் துணியைத் தொடவே இல்லை. பையிலிருந்து ரெஞ்சை எடுத்தான். கூடவே, மரை போன துளைக்குள் வைக்கும் கம்பிச்சுருள் பாக்கெட்டையும்.

"எத்தினி போச்சு மாமா? நாலு வாங்கியாந்திருக்கேன்."