மெயின் சுவிட்ச்

தேசூரைத் தாண்டி, மின்சார சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆரணிக்கு நடந்துகொண்டிருந்தேன். பேட்டரி தீர்ந்த பிறகு அதை மிதிப்பதைவிடத் தள்ளுவதே சுலபம். பின்னால் நெசவாளர்களிடம் வாங்கிய பட்டுச் சேலைகள். பொழுதோடு கொண்டுவராவிட்டால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

"ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன்னியே?" என்றார் முதலாளி.

"போட்டேங்க. பக்கத்துத் தறி ஷெட்லதான்."

அங்கே நின்றிருந்த ஷெட்காரர் சிரித்துவிட்டார். "தறி நின்னா மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான்யா போவோம். உன் வண்டி விடியவிடிய காத்தைக் குடிச்சிகினு இருந்திருக்கும்!"

முதலாளி சிரிக்கவில்லை. சைக்கிள் சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அந்த விசைத்தறி ஷெட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் மெயினை ஆஃப் பண்ணுவதும் என் பொறுப்பு.