வைக்கோல் வேய்ந்த கொட்டாய்

தம்பிக்கு என் கிட்னியில் ஒன்றைக் கொடுத்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஏரிக்கரை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மெட்ராஸ் போனோம்; ஆபரேஷன் முடிந்து இரண்டு பேரும் உயிரோடு பாகூரில் வந்து இறங்கினோம். அவள் கருணை என்று இன்றும் சொல்வேன்.

அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். வைத்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க மாத்திரை தருகிறோம், அது நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும், சளி காய்ச்சல்காரர்களை அண்டவிடாமல் ஆளைத் தனியாக வையுங்கள் என்றார். எங்கள் வீட்டில் ஒரே கூடம், ஒன்பது பேர். எந்நேரமும் ஒரு பிள்ளைக்காவது மூக்கு ஒழுகும். அதனால் கொல்லையில் தம்பிக்கென்று ஒரு கொட்டாய் போட்டேன். விலாவில் தையல் இழுக்க இழுக்க நானே மூங்கில் கட்டி, எங்கள் களத்து வைக்கோலை வேய்ந்தேன். சாணம் மெழுகி, அம்மன் படம் மாட்டி, கற்பூரம் ஏற்றி அவனை உள்ளே அழைத்தேன்.

"உனுக்குன்னு தனி வூடுடா. ராஜா மாதிரி இரு."

"ராஜாவுக்கு உப்பில்லாத கஞ்சியாண்ணா?" என்று சிரித்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துப் பத்து நாள் விடவில்லை. வைக்கோல் ஊறி உள்பக்கம் கறுத்தது. பாயில் தூளாக உதிரும். தம்பி பெண்சாதி தினமும் பெருக்குவாள். அந்த வாடை அவனுக்குப் பிடித்திருந்தது. களத்தில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்பான்.

கார்த்திகையில் இருமல் வந்தது. பிறகு சளியில் இரத்தம். எந்தப் பிள்ளை கொட்டாய்ப் பக்கம் போனது என்று வீட்டில் எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

மெட்ராஸில் படம் எடுத்து, சளியைச் சோதித்து, நுரையீரலில் பூஞ்சைக்காளான் பிடித்திருக்கிறது என்றார்கள். எங்கே படுக்கிறார் என்று டாக்டர் கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"ஈர வைக்கோல்ல பூஞ்சை கட்டும். நம்மள அது ஒண்ணும் பண்ணாது. இவருக்கு அப்படியில்ல" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை.

மருந்து ஏற்றும்போதெல்லாம் கட்டில் ஆடுகிற அளவுக்கு அவனைக் குளிர் தூக்கிப்போட்டது. அந்த மருந்து கிட்னியையும் கெடுக்கும் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள், வேறு வழியில்லை. சில நாளில் சிறுநீர் குறைந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ குடுத்தத பத்திரமா வெச்சுக்கத் தெரியலண்ணா. மன்னிச்சிடு."

வாயைத் திறந்தேன். வைக்கோலைப் பற்றிச் சொல்ல வரவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, தூங்கு" என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டான்.

மறு வருஷம் அறுப்பு முடிந்ததும், கொட்டாய் ஒழுகுகிறது, அவர் இருந்த இடமாயிற்றே, புது வைக்கோல் போட்டுத் தாருங்கள் என்று தம்பி பெண்சாதி வந்து கேட்டாள். அன்றுதான் அவளிடம் சொன்னேன். கையில் துடைப்பத்தோடு கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாதும்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பெருக்க உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை. காலையில் எனக்குக் காபி கொடுப்பதை நிறுத்தவுமில்லை. கூரையை நாங்கள் மாற்றவில்லை. இரண்டு மழையில் தானாக விழுந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறேன். தம்பி என்னிடம் கேட்ட மன்னிப்பை அம்மனிடம் நான் கேட்க வேண்டும். வாய் வருவதில்லை. நின்றுவிட்டு வருகிறேன்.