ஆமா போட்ட வகுப்பு

நேசம்மாள் மதுரையைத் தாண்டிப் போனதில்லை. காஷ்மீரையும் பஞ்சாபையும் ராஜஸ்தானத்தையும் அவள்தான் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தாள். ஆங்கிலத்தில், வளர்ந்த ஆட்களுக்கு.

பிறந்தது கயத்தாறு. பகலில் மிஷன் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள். சாயங்காலம் தொழிலாளர் படிப்பகத்தின் மாடி அறை. 1959இல் அந்த அறையைக் கேட்டு வாங்கியவள் அவளே. சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். வந்தவர்கள் ஆலைக்காரர்கள், லாரிக்காரர்கள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் ஒரு பழைய வாசகப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். பாடத்துக்கு ஒரு பிரதேசம். அங்கே என்ன விளைகிறது, என்ன உடுத்துகிறார்கள், எந்தத் திருவிழாவுக்குக் கூடுகிறார்கள் என்று எளிய வாக்கியங்களில் போகும்.

வன்னியபெருமாள் பஞ்சு ஏற்றிக்கொண்டு பம்பாய் வரை லாரி ஓட்டுபவர். சாலைப் பலகைகளை வாசிக்க வேண்டும் என்று சேர்ந்தார். கொம்பையா ஆட்டுக் கிடையை விட்டு ஆலைக்குப் போனவர். மிஷினில் எழுதியிருப்பது தெரிந்தால் மேஸ்திரி ஆகலாம். மாடத்தி தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குபவள். அவளிடம் காரணம் கேட்டபோது, “சும்மாதான் டீச்சர். உள்ளூர்ல எல்லாம் பாத்தாச்சு” என்றாள்.

முதல் பாடம் காஷ்மீர். வன்னியபெருமாள் எழுந்து ஒரு வாக்கியம் வாசித்தார். வாசித்து முடித்ததும் அறை முழுவதும் ஒரே குரலில், “ஆமா” என்றது.

நேசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது வாக்கியம். “ஆமா.”

புத்தகத்தை மூடினாள். “என்னைக் கேலி பண்ணணும்னா வெளிய போய்ப் பண்ணுங்க.”

“ஐயோ, கேலி இல்ல டீச்சர்” என்றார் வன்னியபெருமாள். “கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேட்டதில்லையா? பாடுதவரு ஒரு அடி முடிச்சா பக்கத்துல இருக்கவரு ஆமா போடணும். போடலேன்னா பாடுதவருக்குத் தொண்டை வராது.”

அவள் கேட்டதில்லை. வேதக்கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. கொடை நடக்கும் தெருப் பக்கம் போக விட்டதில்லை.

“சரி, வில்லுப்பாட்டுல புரியாம ஆமா போடுவாங்களா?”

“அதுவும் உண்டு டீச்சர்” என்றார் கொம்பையா.

“இங்கன போடக்கூடாது. புரிஞ்சா ஆமா. புரியலேன்னா வாயை மூடிக்கிடணும்.”

அன்றிலிருந்து அதுவே அவள் பாடம் நடத்திய முறை. வாசிப்பவர் ஒரு வாக்கியம் முடித்து நிற்பார். ஆமா வந்தால் அடுத்தது. ஆமா மெலிந்தால் நேசம்மாள் விளக்குவாள். பனி என்ற இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“தூத்துக்குடியில இருந்து மீன் பெட்டியில ஐஸ் வருதுல்ல, அதை மாவா இடிச்சு மேல இருந்து கொட்டுனா எப்படி இருக்கும்?”

“ஊரு பூராவுமா டீச்சர்?” என்றார் கொம்பையா.

“ஊரு பூராவும்.”

“அப்ப மீன் வாடை தாங்காதே.”

சிரித்து முடித்து, ஆமா போட்டார்கள்.

கீழே தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. ‘ஆமா பள்ளிக்கூடம்’ என்று பெயர் விழுந்தது. படிப்பகத் தலைவர் சாமித்துரை பஞ்சு வியாபாரி. அவருக்கு அந்த அறை கேரம் விளையாட வேண்டியிருந்தது.

“டீச்சரம்மா, இவிய படிக்கலே. கோஷம் போடுதாவ. பாளையங்கோட்டையில இருந்து ஒரு பேராசிரியரைக் கூட்டியாரேன். படிக்காத பாடத்தைக் குடுப்பாரு. புரிஞ்சா அறை உங்களுக்கு. இல்லேன்னா சாவியைத் தந்திரணும்.”

நேசம்மாள் சரி என்றாள். வேறு அறை கேட்டுப் போன இரண்டு இடங்களிலும் ஏற்கெனவே இல்லை என்றிருந்தார்கள். சாவி போனால் வகுப்பும் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமித்துரை கோட்டுப் போட்ட பேராசிரியரோடு வந்தார். பின்னால் இரண்டு கடைப் பையன்கள் கேரம் பலகையைத் தூக்கி வந்தார்கள். அதைச் சுவரில் சாய்க்கச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

பேராசிரியர் புத்தகத்தில் மிச்சமிருந்த கடைசிப் பாடத்தைத் திறந்தார். அசாம். மாடத்தியை வாசிக்கச் சொன்னார். தடுக்கி எழுந்து தடுக்கி எழுந்து வாசித்தாள். தேயிலை, ஓயாத மழை, ஆறு, மூங்கில் வீடு, பட்டு நெய்யும் பெண்கள். ஆமா, ஆமா, ஆமா. பேராசிரியர் முகம் சுளித்தார்.

“புத்தகத்தை மூடுங்கள். இனி நான் சொல்கிறேன்.”

ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அசாமில் தேயிலை விளைகிறது.

“ஆமா.”

அசாமில் பெண்கள் பட்டு நெய்கிறார்கள்.

“ஆமா.”

அசாமில் மழை மிகக் குறைவு.

ஆமா வரவில்லை. பேராசிரியர் காத்திருந்தார். திரும்பவும் அதையே சொன்னார். நேசம்மாள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். புரிந்தும் ஒப்பாத இடத்தில் என்ன செய்வது என்று அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

“பாத்தீங்களா சார், ஒண்ணும் புரியலே” என்றார் சாமித்துரை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

இந்த மனிதர்கள் ஆலையிலும் ஆபீஸிலும் பெரிய ஆட்கள் சொன்னதற்கெல்லாம் ஆமா போட்டே சம்பளம் வாங்கியவர்கள். கோட்டுப் போட்டவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னவர் அங்கே ஒருவரும் இல்லை.

மாடத்தி எழுந்தாள்.

“நோ சார்.”

“என்ன?”

“நோ சார். அசாம், மச் ரெயின்.” ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். வெடித்துக் கிடந்த கரிசல் தெரிந்தது. “கோவில்பட்டி, நோ ரெயின்.”

“ஆமா!” என்றது அறை. கீழே டீக்கடையில் பேச்சு நின்றது.

பேராசிரியர் சிரித்துவிட்டார். வேண்டுமென்றே மாற்றிச் சொன்னதாக ஒப்புக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அசாமில் வீடுகளைக் கல்லால் கட்டுகிறார்கள் என்றார். “நோ சார், பாம்பூ” என்றார் கொம்பையா, உட்கார்ந்தபடியே. அசாமில் ஆறே கிடையாது என்றார். வன்னியபெருமாள் மேஜையைத் தட்டி, “நோ சார்!” என்றார். இப்போது அவர்கள் பொய்யை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். மெய் வந்தால் ஆமா, பொய் வந்தால் நோ. பேராசிரியர் பஸ்ஸைத் தவறவிட்டார்.

கிளம்பும்போது நேசம்மாளிடம் கேட்டார். “இதை எங்கே கற்றீர்கள்?”

“இவியதான் கொண்டுவந்தாவ” என்றாள்.

சாமித்துரை சாவியைப் பற்றிப் பேசவில்லை. கேரம் பலகையைத் தூக்கப் பார்த்தார். அது ஒரு ஆளுக்குக் கனம். கொம்பையா மறுமுனையைப் பிடித்தார்.

“படியில பாத்து அண்ணாச்சி. நான் முன்னால இறங்குதேன்.”

நேசம்மாள் கரும்பலகையில் அசாம் என்று எழுதியிருந்ததை அழித்தாள்.

“அடுத்து எந்த ஊரு டீச்சர்?” என்றாள் மாடத்தி. “புத்தகம் முடிஞ்சிட்டே.”

“நம்ம ஊரு. நீங்க எழுதுங்க, நான் வாசிக்கேன்.”

“பொய் எழுதலாமா?”

“எழுதுங்க. நான் கண்டுபிடிக்கேன்.”