ரிலீவர் வராத ஞாயிறு

சித்தப்பாவுக்கு வேலை பர்மனென்ட் ஆனபோது, கல்யாணமே நடப்பதுபோல எங்கள் குவார்ட்டர்ஸில் பந்தல் போட்டார்கள். வெளியூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நெய்வேலியில் யாரும் சிரிக்க மாட்டார்கள். கான்ட்ராக்டில் இருக்கும்வரை ஒருத்தன் எத்தனை வருஷம் மைன்ஸில் புழுதி தின்றாலும் அவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். கையில் ஆர்டர் வந்துவிட்டதா, அடுத்த வாரமே பண்ருட்டியிலிருந்து ஜாதகம் வந்து இறங்கும்.

ஆர்டர் வந்த அன்று அம்மா பிளாக் முழுக்கக் கேசரி கொடுத்தாள். கொடுக்க மாட்டாளா பின்னே? பெற்றவள் போன பிறகு அரை டிராயரோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளை அவர். ஷிப்டுக்கு ஷிப்டு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து ஆளாக்கியவள் அம்மாதான். சித்தப்பாவும் அண்ணி என்றால் உயிரையே விடுவார். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள் என்று எங்கள் அத்தை அவரைக் கேலி செய்வாள்.

தாண்டினது பார்ட்டி விஷயத்தில்தான். பாட்டில் இல்லாத பார்ட்டியை எங்கள் ஊர் ஆம்பளைகள் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அம்மா முடியவே முடியாது என்றாள். அப்பா நடுவில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தார். சாப்பாடு முன்பக்கப் பந்தலில். மற்றதெல்லாம் பின்பக்கம், பலா மரத்தடியில், தார்ப்பாய் மறைப்புக்குள். அங்கே முதலிலிருந்து கடைசிவரை அப்பா உட்கார்ந்திருப்பார். அவர் குடிக்கிறவர் இல்லை, ஒரு சோடாவை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஓட்டிவிடுவார். அவர் இருந்தால் எவனும் அளவு மீற மாட்டான், பிள்ளைகள் யாரும் தார்ப்பாயைத் தாண்ட மாட்டார்கள். சனிக்கிழமை நைட் ஷிப்டுக்குக் கிளம்பும்போதே ஒரு நாற்காலியை மறைப்பின் வாசலிலேயே போட்டு, மேலே தன் துண்டையும் விரித்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா சரியென்றாள்.

நாம் ஒன்று நினைக்க மைன்ஸ் ஒன்று நினைக்கும். மண் வெட்டுகிற பெரிய மிஷினில் அப்பா ஆபரேட்டர். அடுத்த ஷிப்டு ஆள் வந்து சீட்டில் உட்கார்ந்தால்தான் இந்த ஷிப்டு ஆள் இறங்கலாம். பெற்ற பெண்ணுக்குப் பிரசவம் என்றாலும் ரிலீவர் வராமல் இறங்கக் கூடாது. பார்ட்டி வைத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ரிலீவர் வரவில்லை. காலையில் வர வேண்டிய அப்பா மத்தியானம்தான் இறங்குவார் என்று பக்கத்து பிளாக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அதற்காகப் பார்ட்டி நிற்குமா? செகண்ட் ஷிப்டு போகிறவர்கள் ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பிரியாணி தம்மில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் தார்ப்பாய்க்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கிளம்பிவிட்டது. துண்டு விரித்த நாற்காலி மட்டும் சும்மா கிடந்தது. அப்பா இல்லையே, அந்த வேலையை இனி யார் பார்ப்பது என்று அத்தனை பெரியவர்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சித்தப்பா இருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். சித்தப்பா என்ன நினைத்தார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. அண்ணன் பிளஸ் ஒன். அவனுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. சித்தப்பாவின் புது பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் பஜாருக்கு ஓடி ஐஸும் சோடாவும் வாங்கி வருகிற உத்தியோகம் அவனுக்கு. லைசென்ஸாவது ஒன்றாவது, மீசையே அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. சாவியை விரலில் மாட்டிச் சுழற்றியபடி அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பர்மனென்ட் ஆனது சித்தப்பாவா இவனா என்று சந்தேகமே வந்துவிடும்.

எனக்கு வயிற்றெரிச்சல். தார்ப்பாய் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சித்தப்பா ஒரு எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்க என்னமோ ஊற்றி அண்ணன் கையில் கொடுத்தார். கூட இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டுச் சிரித்தான். சித்தப்பா அவன் தோளில் கையைப் போட்டு, மறுபடி ஊற்றினார்.

நான் நேராக அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, சித்தப்பா அண்ணனுக்கு மட்டும் டம்ளர்ல ஊத்திக் குடுக்குறாரு. எனக்கு ஒண்ணும் இல்லியாம்!"

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள். அத்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஆம்பளைங்க இருக்கற எடத்துல நீ இன்னாத்துக்கும்மா? ஒரு வாய் ஊத்தியிருப்பான், இன்னிக்கு ஒரு நாள் கண்டுக்காத உடு." அம்மா முந்தானையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். அண்ணனுக்குச் செம மாத்து விழப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அம்மா தார்ப்பாயை விலக்கினாள். யாரையும் திட்டவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கிளாஸ்களெல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின.

சித்தப்பாதான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "இன்னாங்க அண்ணி, எதுனா வேணும்னா பாப்பாகிட்ட சொல்லி அனுப்பக் கூடாதா?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. உங்க அண்ணனுக்கு ரிலீவர் வரல. அவரு வர்ற வரைக்கும் இங்க நான்தான் டூட்டி. சீட்டு காலியா இருக்கக் கூடாதுல்ல?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மைன்ஸ்காரர்களிடம் இதற்கு மறுபேச்சு ஏது?

சித்தப்பாவின் முகம் சிவந்தது. "நான்தாங்க அண்ணி ஊத்துனேன். அவனத் திட்டாதீங்க. வெளிய போயி எவன்கூடயோ கத்துக்குறதுக்கு, நம்ம கண்ணு முன்னால ஒரு வாய் குடிச்சா இன்னா தப்பு?"

"உங்க கண்ணு முன்னாலதான். சரி. அந்தக் கண்ணு இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு எப்படி இருக்கும் தம்பி?" என்றாள் அம்மா. பிறகு அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "சாவிய குடு."

அவன் பேண்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினான். சாவி அவன் விரலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"இப்பதான் மறுபடி ஐஸுக்குக் கெளம்பிகினு இருந்தான்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் விரலிலிருந்து சாவியைத் தானே கழற்றிக்கொண்டாள். உள்ளே போய்ப் படு என்றாள். அவன் போனான். ஒரு அடிகூட விழவில்லை. எனக்கு ஒரே ஏமாற்றம்.

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒரு பொம்பளை எதிரே உட்கார்ந்திருக்க எவனுக்குத் தொண்டையில் இறங்கும்? செகண்ட் ஷிப்டு இருக்குதுங்க என்றார் ஒருவர். சேத்தியாத்தோப்பு பஸ்ஸைப் பிடிக்கணும் என்றார் இன்னொருவர். ஷிப்டே இல்லாதவர்களுக்கெல்லாம் அன்று திடீரென்று ஷிப்டு முளைத்தது. சாப்பிட்டுட்டுப் போங்க என்று அம்மா ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். பாதிப் பேர்கூட இலையில் உட்காரவில்லை.

கடைசியில் சித்தப்பா மட்டும் நின்றார். "அனாதையா வந்தவன்தான, அசிங்கப்படுத்துனா கேக்க நாதியில்லன்னுதான இப்படிப் பண்ணீங்க?" என்றார். குரல் உடைந்துவிட்டது. சாவியை அவரிடமும் அவள் தரவில்லை. அவர் பைக்கை விட்டுவிட்டு, அவ்வளவு வெயிலில் நடந்தே போனார். பைக்கை மறுநாள் அவர் போய்த் தங்கின கூட்டாளி வீட்டுக்கு அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதன் பிறகு சித்தப்பா எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அவருக்கென்று வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவருடைய கல்யாணத்துக்கு அப்பா மட்டும் போனார். என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் சித்தப்பா தின்பண்டம் வாங்கிக் கொடுப்பார், அண்ணி எப்படி இருக்காங்க என்று கேட்பார். வந்து பாருங்களேன் என்றால் ஷிப்டைக் காரணம் சொல்வார். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் அம்மா ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி வைப்பாள். அவளுக்கு அவர் மூத்த மகன். அண்ணன் இப்போது நாற்பதைத் தொடப்போகிறான், எப்போதாவது குடிக்கவும் செய்கிறான். அது அவன் பாடு, அவன் பெண்டாட்டி பாடு. அன்றைக்கு அவனுக்குப் பதினாறு. அன்றைக்கு அவன் பாடு எங்கள் வீட்டுப் பெரியவர்களுடையது. அங்கே இருந்தவர்களில் அம்மா ஒருத்திதான் அதை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பது வயசில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஐஸ் வாங்கப் போகிற வழியில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் எந்த வேகத்தில் வரும் என்பதும் தெரியாது. நல்ல பார்ட்டியை அம்மா கெடுத்துவிட்டாள் என்றுதான் கோபம் கோபமாக வந்தது. எல்லோரும் போன பிறகும் அவள் பலா மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கோ பசி.

"அதான் எல்லாரும் போயிட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்கு இங்கியே உக்காந்துகினு இருக்க? எழுந்து வாம்மா," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் இருடி. காலு எழுந்திரிக்க மாட்டேங்குது," என்றாள்.

ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எனக்கும் கால் மரத்துப்போகும். அதுதான் என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்து அவள் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். உச்சி வெயிலில் அவை ஜில்லென்று இருந்தன, நடுங்கின. மரத்துப்போன கால் நடுங்காது என்றுகூட அன்று எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.