ஈர நெல்லும் நாலு அங்குலத் தகடும்

நாலு அங்குல கனத்துக்கு இரும்புத் தகடு உருட்டுகிற மில்லில் வேலை பார்ப்பவனிடம் வந்து, "இன்னைக்கு வெயில் ஜாஸ்திங்க" என்று சொன்னால் அவன் மரியாதைக்குத் தலையாட்டுவான், அவ்வளவுதான். பரோட்டா மாஸ்டர், செங்கல் சூளைக்காரர், கல்யாணச் சமையல்காரர் என்று நெருப்புக்கு முன்னால் நின்று சம்பாதிக்கிற நம்ம ஆட்களுக்கு இது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று படிக்கட்டும், சூடு.

என் பேர் கலியபெருமாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகிற ரோட்டில், செங்கிப்பட்டிப் பக்கம் இருக்கிறது எங்கள் மில். முப்பது வருஷமாக அங்கே உருளைக்கு முன்னால் நிற்கிறேன். மெத்தை கனத்தில் வரும் இரும்புப் பாளத்தை உலையில் போட்டு, சிவப்பு போய் மஞ்சள் வரும்வரை காய்ச்சுவோம். அப்புறம் ரெண்டு பெரிய உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டி மெலிய வைப்போம். சப்பாத்தி தேய்க்கிற மாதிரிதான். என்ன, மாவு மட்டும் பல டன் இருக்கும்.

பெண் கொடுக்கும் முன்

என் சின்ன மகளுக்குப் பேராவூரணியில் ஒரு வரன் வந்தது. பையனின் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. பெண்ணைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், எல்லாம் பிடித்தது. கடைசியில், "நீங்க செய்யற வேலைதாங்க எனக்கு விளங்கல. ஒரு தடவை பார்த்துடட்டுமா?" என்றார். கூட்டிக்கொண்டு போய்த் தலையில் ஹெல்மெட் மாட்டி, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தேன்.

உலைக் கதவு திறந்தது. பாளம் வெளியே வந்தது. அது வரும்போது சத்தமே இருக்காது, வெளிச்சம்தான் வரும். உருளைக்குள் தலையைக் கொடுக்கும்போதுதான் கட்டடமே ஒரு குலுங்கு குலுங்கும். நான் திரும்பிப் பார்த்தால் மனிதர் மஞ்சள் கோட்டில் இல்லை, பின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார். என்னைச் சம்பந்தி என்று அவர் முதல்முதலாகக் கூப்பிட்டது அப்போதுதான். "தோப்புல நடக்கும்போது தலையில தேங்கா விழுந்துடுமேன்னு இத்தனை வருஷம் பயந்துகிட்டு இருந்தேன் சம்பந்தி, இனிமே அதையெல்லாம் ஒரு பயமா சொல்லமாட்டேன்."

சாம்பாரில் உப்பு

சூடான பாளத்தின் மேல் கறுப்பாக ஒரு பொருக்கு பிடிக்கும், பால் ஏடு மாதிரி. அதை எடுக்காமல் உருட்டினால் பொருக்கும் உள்ளே அமுங்கி, தகட்டு முகம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிடும். அதற்காக வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுகிற பம்ப் ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் பம்ப் படுத்துவிட்டது. உலைக்குள் பாளம் தயாராக இருக்கிறது. எங்கள் ஃபோர்மேன் ஜமால் பாய் அதிராம்பட்டினத்துக்காரர், துபாயில் கப்பல் பட்டறையில் இருந்தவர். "உப்பு இருக்கா கலியண்ணே?" என்றார். உப்பை வாரிப் பாளத்தின் மேல் வீசி உடனே உருளைக்குள் விட்டால் அது படபடவென்று வெடிக்கும், வெடிக்கிற வேகத்தில் பொருக்கும் கழன்று பறந்துவிடும். பம்ப் வராத காலத்தில் இப்படித்தான் செய்தார்களாம்.

கேன்டீனுக்கு ஓடினேன். முந்தின நாள்தான் வேதாரண்யத்திலிருந்து ரெண்டு மூட்டைக் கல்லுப்பு வந்திருந்தது. கேட்க நேரமில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். தீபாவளி மாதிரி வெடித்தது. தகட்டு முகம் கண்ணாடி. எல்லோரும் குஷியாகச் சாப்பிடப் போனோம். சாம்பாரை வாயில் வைத்த ஆள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். கேன்டீன் நடத்துகிற சரோஜா அக்கா கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "தகட்டுக்கு உப்பு சரியா இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க, மிச்சம் இருந்தா சாம்பாருக்குப் போடறேன்."

டாக்டரம்மா

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மில்லுக்கு ஒரு பாலத்து வேலை கிடைத்தது. தூணுக்கும் மேல் பாலத்துக்கும் நடுவில் வைக்கிற தகடு, நாலு அங்குல கனம். அத்தனை பாரமும் அதன் தலையில்தான். கடினமாக இருந்தால் மட்டும் போதாது, அதிர்ச்சியைத் தாங்கி விரிசல் விடாமலும் இருக்க வேண்டும். அதைச் சோதிக்க ஓர் இன்ஸ்பெக்டர் அம்மா வருவார். தகட்டின் மேல் பசை மாதிரி ஒன்றைத் தடவி, சின்னக் கருவி ஒன்றை வைத்து இழுத்துக்கொண்டே போய்க் கையிலிருக்கிற திரையைப் பார்ப்பார். வயிற்றுப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கிற மாதிரியே இருக்கும். நாங்கள் அவருக்கு வைத்த பேர் டாக்டரம்மா.

முதல் தடவை உருட்டின தகட்டில் உள்ளே விரிசல் என்றார். ரெண்டாவது தடவையும் விரிசல். மேனேஜர் ரகு சார் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மூன்றாவது தடவையும் போனால் கனத் தகட்டு வேலையையே நிறுத்திவிடுவது என்று முதலாளி முடிவு செய்துவிட்டாராம். அந்த வேலையை நம்பி நாங்கள் இருபத்திரண்டு பேர். எனக்காவது வயசாகிவிட்டது, மற்றவர்கள் எங்கே போவார்கள்?

டாக்டரம்மாவிடமே கேட்டோம். இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத வாயு கொஞ்சம் மாட்டியிருக்கும், தகடு சீக்கிரம் ஆறினால் அது வெளியே வர முடியாமல் உள்ளேயே கீறிவிடும் என்றார். தகடுகளைச் சூட்டோடு அடுக்கி, மூடி, முழுசாக மூன்று நாள் ஆற விட வேண்டுமாம். நாங்கள் ஒரே நாளில் கிரேனைப் போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது தகட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், "மேல பார்க்க லட்சணமா இருக்குங்க, உள்ளுக்குள்ளதான் கோவிச்சுகிட்டு இருக்கு."

உமி

மூடுவதற்கு நெல் உமிச் சாம்பல் நல்லது என்று ரகு சார் எங்கேயோ படித்துவிட்டு வந்தார். சூட்டை விடாதாம். நெல் விளைகிற சீமையில் உமிக்கா பஞ்சம்? நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். அரிசி ஆலைக்காரரிடம் சாம்பல் தீர்ந்திருந்தது, உமிதான் மலையாகக் கிடந்தது. எனக்கு ஒரு யோசனை. உமியைச் சூடான தகட்டின் மேல் கொட்டினால் தானாகச் சாம்பலாகிவிடப் போகிறது, அதை எதற்கு இன்னொரு இடத்தில் எரிப்பானேன்? நல்லவேளை, ஒத்திகைக்காக, விரிசல் என்று கழித்துப் போட்ட தகடு ஒன்றைத்தான் காய்ச்சி வைத்திருந்தோம்.

ஒரு லோடு உமியைக் கொட்டினோம். சாம்பலாகத்தான் ஆனது. ஆனால் ஆகிற வழியில் புகைந்த புகையில் திருச்சி ரோட்டில் பஸ்கள் பகலில் லைட் போட்டுக்கொண்டு போயின. எதிர் டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு ஓடிவந்தார். நான் தலையிலிருந்து கால்வரை கறுத்துப்போய் நின்றேன். ஜமால் பாய் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தவர், புகைக்குள் என்னைத் தேடிப் பிடித்து நிதானமாகச் சொன்னார். "கலியண்ணே, தகட்டை ஆற வைக்கத்தான் சொன்னாங்க, நீங்க நெல்லு அவிக்கற மாதிரி அவிச்சுட்டீங்க."

ஆனாலும் மறுநாள் காலையில் எங்களுக்கு வேண்டிய சாம்பல் அத்தனையும் கையில் இருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஷூ

மூன்றாவது தடவைக்கான தகடுகளை உருட்டி, அடுக்கி, சாம்பலால் மூடினோம். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. குறுவை அறுப்பு நேரம். சரோஜா அக்கா குத்தகைக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், வைத்திருக்கிறார். அறுத்த நெல்லை நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், மீட்டர் வைத்துப் பார்த்து ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காயப் போட ரோடும் நனைந்து கிடக்கிறது. மூட்டைக்குள்ளேயே முளை கட்டிவிடும். மறுநாள் அக்கா போட்ட டீயில் சர்க்கரை இல்லை, கேட்கிற தைரியமும் எங்களுக்கு இல்லை. ஜமால் பாய்தான் சொன்னார், "ஷெட்டுக்குள்ள தகட்டைச் சுத்தித் தரை வெதுவெதுன்னு சும்மாதானே கிடக்குது, கொண்டாந்து கொட்டுங்க அக்கா." எல்லோரும் சேர்ந்து மூட்டைகளை இறக்கினோம். பலகையால் தள்ளித் தள்ளிப் பரப்பினோம். ஓரமாகப் போட்டிருந்தாலே போதும். கடைசிப் பத்து மூட்டையைச் சாம்பல் மேட்டைச் சுற்றி, வழி விடாமல், தரை மெழுகுகிறவர்கள் மாதிரி உள்ளிருந்து பின்னால் நடந்துகொண்டே பரப்பினது நான்தான். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே ரகு சார் வந்தார். பாலத்துக் கான்ட்ராக்டர் அவசரப்படுத்துகிறார், தகட்டை இப்போதே திறந்து பார்க்கலாம் என்றார். மூன்று நாளில் ஒன்றரை நாள்கூட ஆகவில்லை. உள்ளே போக ஒரு காலைத் தூக்கினார். கீழே நெல். தூக்கின ஷூவை வைக்க இடமில்லாமல் ஒத்தைக் காலில் நின்றார்.

"செருப்புக் காலோட நெல்ல மிதிக்காதீங்க சார்," என்றார் சரோஜா அக்கா.

குனிந்து ஷூவைக் கழற்றப் போனவர், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். 'பாதுகாப்புக் காலணி இல்லாமல் உள்ளே வரக்கூடாது' என்று பெரிய போர்டு. கீழே அவர் கையெழுத்துதான்.

"இதை அள்ளிடலாமா?"

"அள்ளலாம் சார். மறுபடி மூட்டையில கட்டினா முளைச்சுடும். எனக்கு இந்தப் போகத்து வெள்ளாமையே இதுதான் சார்."

ரகு சார் அக்காவைப் பார்த்தார், சாம்பல் மேட்டைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். போனை எடுத்து, வண்டியை ரெண்டு நாள் கழித்து அனுப்பச் சொன்னார். பிறகு எங்களிடம் சொன்னார், "நெல்லு காஞ்சதும் சொல்லியனுப்புங்க, அதுவரைக்கும் நான் ஆபீஸ்ல இருக்கேன்."

ரெண்டு சோதனை

நெல் காய்ந்தது. மூன்று நாளும் முழுசாக முடிந்தது. காலையில் சரோஜா அக்கா மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்துக்குப் போனார். பகல் பத்து மணிக்கு டாக்டரம்மா கருவியோடு வந்தார். அவர் தகட்டின் மேல் கருவியை இழுக்க இழுக்க, நாங்கள் இருபத்திரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தோம். ஒரு மூலையில் நிறுத்தி மறுபடியும் அதே இடத்தில் இழுத்தார். ஜமால் பாயின் உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

நடுவில் சரோஜா அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ரசீது. உள்ளே வந்து, எங்கள் நிலையைப் பார்த்து, சிரித்துக்கொண்டு வந்த வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

கடைசித் தகடும் முடிந்தது. டாக்டரம்மா பசையைத் துடைத்தார், கருவியை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். "எல்லாமே சுத்தமா இருக்குங்க," என்றார். ஜமால் பாய் என் தோளில் கை போட்டார், நான் பக்கத்திலிருந்த தூணில் சாய்ந்துகொண்டேன். அக்கா கேன்டீனுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கேசரி வாசனை வந்தது.

டாக்டரம்மா பேனாவை எடுத்து, "இந்தத் தடவை புதுசா என்ன செஞ்சீங்க? ரிப்போர்ட்ல எழுதணும்," என்றார். ஜமால் பாய் என்னைப் பார்த்தார். நான் ரகு சாரைப் பார்த்தேன். அவர் தன் ஷூவை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார், "நெல்லு காயப் போட்டோம் மேடம்."

அந்தப் பாலத்தின் மேல் நீங்கள் எப்போதாவது பஸ்ஸில் போனால் பயமில்லாமல் தூங்கிக்கொண்டே போகலாம், உங்களைத் தாங்கிக்கொண்டிருப்பதில் பாதி எங்கள் இரும்பு, மீதிப் பாதி சரோஜா அக்காவின் ஈர நெல்.