குழல்வாய்மொழி எடுத்த சுத்தமான படம்

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், எண்டோஸ்கோப்பி அறையில் பதினாலு வருஷமாக டெக்னீஷியன் வேலை பார்க்கிறாள் கீழப்பாவூர் குழல்வாய்மொழி. வெடுக்வெடுக்கென்று பேசுவாள், டாக்டரிடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நோயாளி இசக்கிப்பாண்டி, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் வந்தால் நாளைக்கு நாற்பது முதுகு. கை ஓயாமல் இருக்க வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்வார். அங்கே அந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான். இரைப்பை புண்ணாகி, மூன்று நாளைக்கு முன் ரத்த வாந்தி. ஊசி போட்டாயிற்று. புண்ணுக்கு அடியில் ரத்தக்குழாய் மூடிவிட்டதா என்பதுதான் கேள்வி. மூடாமல் வீட்டுக்குப் போனால் அடுத்த வாந்திக்கு ஆள் தாங்கமாட்டார்.

அதைப் பார்க்கத்தான் புதிய கருவி. உள்ளே விடும் மெல்லிய குழாயின் நுனியில் ஒளி சுழலும். ரத்தம் ஓடும் இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். திரையில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"நல்லா இருக்கு. வீட்டுக்கு அனுப்பிரலாம்" என்றார் டாக்டர் விஜயசங்கர்.

"அப்பாடா! சாயந்தரமே அருவிக்குப் போயிருவேன் தங்கச்சி" என்று இசக்கிப்பாண்டி சட்டையை மாட்டினார். பொத்தானைத் தேடிய விரல்களில் நகமெல்லாம் நேற்றைவிட வெளுத்திருந்தது. உள்ளே ரத்தம் இன்னும் போகிறதோ என்று குழல்வாய்மொழி அந்த நகங்களையே பார்த்தாள்.

கருவியில் ஒரு கோளாறு. சுழலும் நுனி கொஞ்சம் ஆடினாலும் படம் முழுக்கச் சிவந்துவிடும். "என்னம்மா, மிளகாப்பொடி தூவுன மாதிரி இருக்கு?" என்று முதல் வாரமே டாக்டர் எரிந்து விழுந்தார். அதற்கு வழி உண்டு. குழாயின் பிளாஸ்டிக் உறையில் ரத்தம் ஓடாது. அங்கே தெரியும் சிவப்பு வெறும் ஆட்டம். அதை அளந்து படம் முழுவதிலும் கழிக்க வேண்டும். ஆளுக்கு இருபது நிமிஷம். சீசன் கூட்டத்தில் யாருக்குப் பொறுமை? மங்கலான சிவப்பையெல்லாம் மறைக்கும்படி ஒரு குமிழைத் திருப்பி, அன்றிலிருந்து அப்படியே விட்டிருந்தாள். டாக்டர் பாராட்டினார், இவளும் குளிர்ந்துபோனாள். கசியும் ரத்தமும் மங்கலாகத்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

"சார், அவுகள அனுப்பாதீய."

"ஏன்?"

"இது சுத்தமான படம் இல்ல சார். நான் சுத்தம் பண்ணுன படம். மங்கச் சிவப்ப மறைச்சு வச்சிருக்கேன்."

டாக்டரின் முகம் இறுகியது. "இப்பவே சரியாக் கணக்குப் போடு."

"பஸ்ஸுக்கு நேரமாவுதே" என்று இசக்கிப்பாண்டி நச்சரித்துக்கொண்டிருந்தார். குமிழைப் பழையபடி திருப்பியதும் திரை முழுக்கச் சிவந்தது. கணக்கு ஓட ஓட, முதலில் உறையிலிருந்த சிவப்பு வடிந்தது. பிறகு இரைப்பைச் சுவரில் இருந்ததும் வடிந்தது. எல்லாமே அழிந்துவிட வேண்டும், தன் தப்பு தப்பில்லாமல் போக வேண்டும் என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டாள்.

புண்ணுக்கு அடியில் ஒரு புள்ளி அழியவில்லை.

போட்ட சட்டையைக் கழற்ற வைத்து, ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு மூடினார் டாக்டர். பாழான சீசனுக்காக இசக்கிப்பாண்டி திட்டித் தீர்த்தார். அந்தத் திட்டு அவளுக்கு இனித்தது.

டாக்டர் கை கழுவியபடியே கேட்டார்: "இவருக்கு முன்னால இப்படி எத்தன பேர வீட்டுக்கு அனுப்பிருக்கோம்?"

"பதினோரு பேர் சார்."

பதிவு நோட்டைப் பிரித்துப் போனை எடுத்தாள். முதல் பெயர், திருவேங்கடத்து ஆவுடைநாயகம். யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"அண்ணாச்சி இருக்காவளா?"

பதில் வருவதற்குள் குழல்வாய்மொழிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"காட்டுல களை எடுக்கப் போயிருக்காவ. என்ன விஷயம்?"

நோட்டில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள்.