கவருக்கு அடியில் போன பெல்ட்

கார் வாங்கிய வாரமே என் வீட்டுக்காரர் சீட்டுக்கெல்லாம் கவர் தைக்கக் கொடுத்துவிட்டார். மெரூன் நிறம், நடுவில் கோடு. வண்டி திரும்பி வந்ததும் பார்த்தால், பின்சீட்டில் பெல்ட்டை மாட்டுகிற பக்கிளையே காணோம். கவரை அதன்மேல் போட்டு இழுத்துத் தைத்திருந்தார்கள்.

ஹப்சிகுடாவில் கவர் தைத்த கடைக்கே போய்ச் சண்டை பிடித்தேன். "பீச்சே பெல்ட் கைக்கு, அம்மா?" என்றார் கடைக்காரர். பின்சீட்டுக்கு எதற்குப் பெல்ட், பின்னால் இருப்பவர்களைப் போலீஸ் பார்ப்பதேயில்லையாம். கூட வந்த என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் இன்ஜினியர். வண்டி சட்டென்று நின்றாலும் உள்ளே இருக்கிற உடம்பு நிற்காது, அதே வேகத்தில் முன்னால் பாயும் என்று மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷர்! படித்ததெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ஏய், புது கவருடி! கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"கவர் கிழிஞ்சா தச்சுக்கலாம். புள்ளைக்கு ஒண்ணுன்னா எங்க போய்த் தைப்பீங்க?"

மகள் உட்காரும் ஓரத்தில் வெட்டி, பக்கிளை வெளியே எடுத்தேன். அடுத்த பக்கம் போவதற்குள் என் கையைப் பிடித்துவிட்டார். போங்களேன் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு வயது மகளுக்குத்தான் கொண்டாட்டம். மெல்ல இழுத்தால் வரும் பெல்ட், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். "மம்மி, லாக் ஹோ கயா!"

அடுத்த மாதம், கச்சிபௌலியில் இருக்கிற என் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டோம். மகளுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு. முன்னால் போன கம்பெனி பஸ் திடீரென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தும் போதவில்லை. டமார்!

தூக்குவாளி, முன்சீட்டில் பெல்ட் போட்டிருந்த எங்கள் இருவருக்கும் நடுவே பறந்து போய் முன்கண்ணாடியை உடைத்தது. ஐயோ என்று திரும்பினேன். மகள் இருந்த இடத்திலேயே இருந்தாள். தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் இறுக்கிப் பிடித்திருந்தது. தோள், நெஞ்சு, இடுப்பு என்று பலமான எலும்புகள் அடியைப் பகிர்ந்து வாங்கிக்கொண்டன. நெஞ்சில் சிவப்பாக ஒரு தடம், அவ்வளவுதான். என் பிள்ளை தானே கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்தாள்! ரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன், அழுதேன்.

இவர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவளைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றார்.

வண்டி சரியாகி வந்த அன்று, காபியைக்கூடத் தொடாமல் கேட்டார்.

"கத்தரிக்கோல் எங்க வச்சிருக்க? அந்தப் பக்கம் பாக்கி இருக்குல்ல."